பதிவேற்றத்தைப் பூட்டினால் பதிவிறக்கம் எங்கிருந்து வரும்?

டொரன்ட் மென்பொருள்களின் அமைப்புகள் பக்கத்தில் இரண்டு சிறு பெட்டிகள் இருக்கும். ஒன்று, நொடிக்கு எவ்வளவு தரவு உள்ளே வரலாம் என்பதற்கு. மற்றொன்று, எவ்வளவு வெளியே போகலாம் என்பதற்கு. முதல் பெட்டியை யாரும் அதிகம் தொடுவதில்லை. இரண்டாவதில்தான் கை போகும். வெளியே போவது செலவு, உள்ளே வருவது வரவு, செலவைக் குறைத்தால் வரவு கூடும் என்ற எண்ணத்தில் 5 கிலோபைட், 10 கிலோபைட் என்று ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் பலர் காத்திருக்கிறார்கள். விளைவு தலைகீழாகத்தான் வருகிறது. கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில், பதிவேற்றத்தை நெரித்தால் பதிவிறக்கமும் நெரிபடும். பதிவேற்றத்தை ஒரேயடியாகத் திறந்துவிட்டாலும் பதிவிறக்கம் படுத்துவிடும். நல்ல இடம் இரண்டுக்கும் நடுவே, மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அந்த மேல் எல்லையை நாம் தீர்மானிப்பதில்லை. வீட்டுக்கு வரும் இணைப்பை வடிவமைத்தவர்களும், பிராட்பேண்ட் என்றால் என்ன என்று வரையறுப்பவர்களும் தீர்மானிக்கிறார்கள். பதிவேற்ற வேகத்தைக் கணக்கிலேயே எடுக்காத அந்த வரையறை மாற வேண்டும் என்பது என் வாதம்.

அடிப்படைக் கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரே சர்வரிலிருந்து எல்லோரும் ஒரு கோப்பை இறக்கும்போது, வருகிறவர்கள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு குறையும். 2001இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்க நிரலாளர் வெளியிட்ட பிட்டொரன்ட் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. கோப்பைச் சிறு துண்டுகளாக்கு; ஒரு துண்டு கைக்கு வந்ததுமே அது இல்லாத இன்னொருவருக்கு அனுப்பத் தொடங்கு; கூட்டத்தில் அரிதாக இருக்கும் துண்டை முதலில் வாங்கு. இப்படிச் செய்தால் இறக்குகிற ஒவ்வொருவரும் ஒரு குட்டி சர்வராகவும் ஆகிவிடுகிறார். இங்கே ஒரு சமன்பாடு எப்போதும் செல்லும்: கூட்டத்திலுள்ள அனைவரின் பதிவிறக்க வேகத்தையும் கூட்டினால் வரும் தொகை, அனைவரின் பதிவேற்ற வேகத்தையும் கூட்டினால் வரும் தொகைக்குச் சமம். ஒரு பிட் எங்கோ இறங்குகிறது என்றால் எங்கிருந்தோ ஏறியிருக்க வேண்டும். 1 கிகாபைட் கோப்பு, அதை முழுதாக வைத்திருக்கும் ஒருவர், அதற்காகக் காத்திருக்கும் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். முழுக்கோப்பும் உள்ளவரால் நொடிக்கு 10 மெகாபிட் அனுப்ப முடியும். மற்ற 100 பேரும் தலைக்கு 1 மெகாபிட் அனுப்பலாம், 8 மெகாபிட் வாங்கலாம். மொத்தம் 8,00,000 மெகாபிட் கைமாற வேண்டும். எல்லோரும் முழுத் திறனில் அனுப்பினால் கூட்டுத்திறன் 110 மெகாபிட். ஏறக்குறைய 2 மணி நேரத்தில் அனைவருக்கும் கோப்பு சேர்ந்துவிடும். அந்த 100 பேரும் தங்கள் திறனில் பத்தில் ஒரு பங்கு என்று வரம்பு போட்டால் கூட்டுத்திறன் 20 மெகாபிட்டாகச் சுருங்கி, அதே வேலைக்கு 11 மணி நேரம் பிடிக்கும். அவர்களில் யாருமே அனுப்பவில்லையென்றால் 22 மணி நேரத்துக்கு மேல். எல்லோரிடமும் இருந்த 8 மெகாபிட் இறக்கும் திறன் இந்த மூன்று கணக்கிலும் நுழையவே இல்லை. இத்தனைக்கும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் எண் அதுதான்.

சரி, ஒருவர் மட்டும் வரம்பு போட்டால்? 110 மெகாபிட் 109.1 ஆகும், கூட்டத்துக்கு அது உறைக்கவே உறைக்காது. சிக்கலே அதுதான். எல்லோருக்கும் அந்த ஒருவராக இருந்துவிடத் தோன்றும். பிட்டொரன்டுக்கு முந்தைய குனுடெல்லா வலைப்பின்னலில் அப்படித்தான் ஆயிற்று. எய்தன் அடார், பெர்னார்டோ ஹூபர்மன் ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அதன் பயனர்களில் கிட்டத்தட்ட 70 சதவீதத்தினர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை. தேடல்களுக்குக் கிடைத்த பதில்களில் ஏறக்குறைய பாதி, பகிர்வோரில் முன்னணியில் இருந்த 1 சதவீதத்தினரிடமிருந்தே வந்தது. கோஹன் இதைப் பார்த்துவிட்டு மனிதர்களின் பெருந்தன்மையை நம்பவில்லை, நெறிமுறைக்குள்ளேயே கண்டிப்பை வைத்தார். ஒவ்வொரு கணினியும், தனக்கு யார் எவ்வளவு வேகத்தில் அனுப்புகிறார்கள் என்று கடந்த 20 நொடிகளின் சராசரியை எடுத்துக்கொண்டே இருக்கும். 10 நொடிக்கு ஒரு முறை பட்டியலைத் திருத்தி, அதிகம் அனுப்பியவர்களுக்கு மட்டும் வாசலைத் திறந்துவைக்கும். தொடக்ககால வடிவில் திறந்திருந்த வாசல்கள் நான்கே. அவற்றில் ஒன்று, யாரென்று பாராமல் எவருக்கோ 30 நொடிக்கு ஒரு முறை மாற்றி மாற்றிக் கொடுக்கப்படும். புதிதாக வந்தவருக்கும் ஒரு வாய்ப்பு வேண்டுமே. மொய் நோட்டின் நியாயம்தான் இது: செய்தவருக்குத் திரும்பச் செய்யப்படும். ஆனால் மொய் நோட்டு தலைமுறை தாண்டியும் கணக்கை மறப்பதில்லை. பிட்டொரன்டின் நோட்டிலோ 20 நொடிக்கு முந்தைய பக்கம் கிழித்தெறியப்பட்டுவிடும். போன மாதம் எவ்வளவு தாராளமாக அனுப்பியிருந்தாலும் இன்று அதற்கு மரியாதை இல்லை. பழைய கணக்கையும் எழுதிவைப்பவை, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள விகிதம் குறைந்தால் உறுப்பினரை வெளியேற்றும் தனியார் டிராக்கர்கள், அதாவது கூட்டத்தை ஒருங்கிணைக்கும் தளங்கள், மட்டும்தான்.

இந்தச் சூழலில் நொடிக்கு 20 கிலோபைட் என்று வரம்பு போட்டவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5 கிலோபைட். அதை வாங்குகிறவருக்கு வேறு யாரோ 30 கிலோபைட் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அடுத்த 10 நொடியில் இவர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். பிறகு தன்னைப் போலவே கஞ்சமாக அனுப்புகிறவர்களோடு மட்டுமே இவருக்குக் கொடுக்கல் வாங்கல் நிலைக்கும். ஆய்விலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அர்னோ லெகு உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனைகளில், பிட்டொரன்ட் கூட்டத்தில் ஒத்த பதிவேற்ற வேகம் உள்ளவர்கள் தாமாகவே கொத்துக் கொத்தாகச் சேர்ந்துகொள்வது தெரிந்தது. வேகமானவர் வேகமானவரோடும், மெதுவானவர் மெதுவானவரோடும். யாரும் யாரையும் தண்டிக்கவில்லை. 10 நொடிக் கணக்கு அவர்களை அப்படித் தரம் பிரிக்கிறது. முதலில் முழுக்கோப்பையும் வெளியிடுபவரின் பதிவேற்ற வேகம் போதாமல் இருந்தால் இந்த ஒழுங்கும் குலைந்துபோகிறது என்றும் அதே ஆய்வு கண்டது. ஈமியூல் என்ற மற்றொரு கோப்புப் பகிர்வு மென்பொருள் இதைச் சுற்றி வளைக்காமல் விதியாகவே வைத்திருந்தது: பதிவேற்ற வரம்பை நொடிக்கு 4 கிலோபைட்டுக்குக் கீழே வைத்தால் பதிவிறக்கம் அதன் மூன்று மடங்கைத் தாண்டாது, 10 கிலோபைட்டுக்குக் கீழே என்றால் நான்கு மடங்கு, 10ஐத் தொட்டால்தான் தளை நீங்கும்.

அப்படியானால் வரம்பே வேண்டாமே, முழுக்கத் திறந்துவிடலாமே என்று கேட்கலாம். தாராளம் என்ற வகையில் நல்ல எண்ணம்தான். ஆனால் டிசிபி என்ற போக்குவரத்து நெறிமுறை இதற்கு இடம் கொடுப்பதில்லை. நமக்குத் தரவு அனுப்பும் கணினி, அது வந்து சேர்ந்ததா என்ற ஒப்புகையை எதிர்பார்த்து நிற்கும். அந்த ஒப்புகைகள் போவது நம் பதிவேற்றப் பாதையில். சுமார் 3,000 பைட் தரவு இறங்கினால் 40 பைட் அளவுள்ள ஓர் ஒப்புகை ஏற வேண்டும். அற்பமாகத் தெரியும். ஆனால் தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பில் தரவு 53 பைட் பெட்டிகளில் அடைக்கப்பட்டே பயணிக்கும். பலவித உறைகளையும் சேர்த்தால் ஓர் ஒப்புகைக்கு இரண்டு பெட்டிகள் தேவைப்படும். நொடிக்கு 8 மெகாபிட் இறக்க வேண்டுமானால் ஒப்புகைகளுக்கு மட்டுமே சுமார் 280 கிலோபிட் ஏற்றம் வேண்டும். மொத்த ஏற்றமே 512 கிலோபிட் என்று இருந்தால் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். டொரன்ட் மென்பொருள் மீதியையும் சேர்த்து நிரப்பிவிட்டால், மோடத்துக்குள் வரிசை கட்டத் தொடங்கும். மோடத்தில் 64 கிலோபைட் அளவுக்கு வரிசை நிற்க இடமிருந்து, ஏற்றம் 256 கிலோபிட் என்றால், வரிசையின் கடைசியில் சேரும் ஒப்புகை வெளியே போக 2 நொடி ஆகும். 64 கிலோபைட் அனுப்பிவிட்டு ஒப்புகைக்காகக் காத்திருக்கும் ஓர் இணைப்பு, அந்த 2 நொடிக்கு ஒரு முறைதான் அடுத்த 64 கிலோபைட்டை அனுப்பும். கணக்குப் போட்டால் நொடிக்கு 32 கிலோபைட். 8 மெகாபிட் குழாயில் அந்த இணைப்புக்குக் கிடைப்பது முப்பதில் ஒரு பங்கு. இறக்கப் பாதை வெறிச்சோடிக் கிடக்கும்போதே, ஏற்றப் பாதையில் ஒப்புகை சிக்கிக்கொண்டதால் பதிவிறக்கம் தேங்கி நிற்கிறது. வீட்டில் யாரோ டொரன்ட் போட்டால் மற்றவர்களுக்கு வலைப்பக்கங்கள் திறக்காமல் போவதற்கும் இதுவே காரணம். இந்த வீங்கிய வரிசைக்கு 2010 வாக்கில் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்து உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் ஜிம் கெட்டிஸ்.

பதிவேற்றத் திறனில் 80 சதவீதம் அளவுக்கு வரம்பு வை என்று டொரன்ட் பயனர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரையின் பொருள் இப்போது விளங்கும். வரம்பு மோடத்தின் எல்லைக்குக் கீழே இருக்கும்வரை மோடத்துக்குள் வரிசை உருவாகாது. ஒப்புகைகள் நிற்காமல் போகும். 80 என்ற எண்ணில் புனிதம் ஏதுமில்லை. மேலே சொன்னதுபோல் இறக்கம் மிகப் பெரிதாகவும் ஏற்றம் மிகச் சிறிதாகவும் உள்ள இணைப்பில் அது 60 ஆகவும் இருக்கலாம். இரண்டும் சமமான பைபர் இணைப்பில் 95 வைத்தாலும் பாதகமில்லை. ஒரே மென்பொருளில் ஒரே எண், ஓர் இணைப்பில் மருந்தாகவும் இன்னோர் இணைப்பில் முடக்கமாகவும் ஆவது இதனால்தான்.

இதற்கு ஒரு நல்ல மறுப்பு உண்டு: இந்தப் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது, மென்பொருளே பார்த்துக்கொள்கிறது என்பது. பெருமளவு உண்மை. 2010இல் வெளிவந்த மியூடொரன்ட் என்ற டொரன்ட் மென்பொருளின் 2.0 பதிப்பு, டிசிபிக்குப் பதிலாகத் தாமதத்தை அளந்து தானே ஒதுங்கிக்கொள்ளும் ஒரு போக்குவரத்து முறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. வரிசையால் ஏற்படும் தாமதம் 100 மில்லிநொடியை நெருங்கினால் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதே கொள்கை லெட்பேட் என்ற பெயரில் 2012 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் 6817ஆம் எண் ஆவணமாக வெளியானது. அதே ஆண்டில் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் ரவுட்டரின் வரிசையையே குட்டையாக வைத்திருக்கும் கோடெல் முறையை முன்வைத்தார்கள். இரண்டுமே அருமையான பொறியியல். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் ஒன்றின் காலை ஒன்று வாரிவிடும்: கோடெல் தாமதத்தை 5 மில்லிநொடி அளவில் பிடித்துவைப்பதால், 100 மில்லிநொடிக்காகக் காத்திருக்கும் லெட்பேட் எந்த நெரிசலையும் உணராமல் சாதாரண டிசிபி போல முண்டத் தொடங்கிவிடும். அது கிடக்கட்டும். இந்தக் கருவிகள் எவையும் பதிவேற்றத் திறனை ஒரு பிட்கூடக் கூட்டுவதில்லை. இருப்பதைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக் கொடுக்கின்றன, அவ்வளவே. 110 மெகாபிட் கூட்டத்தை அவை 120 ஆக்கிவிடாது.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. வரம்பைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்தும் முழு வேகத்தில் இறங்குகிறதே என்பார்கள். இறங்கும்தான். முழுக்கோப்பையும் வைத்துக்கொண்டு சீட் செய்பவர்கள் நம்மிடமிருந்து எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆகவே அவர்களிடம் மொய்க் கணக்கு செல்லாது. அவர்கள் ஏராளமாக இருக்கும் ஒரு புதிய லினக்ஸ் வெளியீட்டில், கஞ்சனுக்கும் தாராளனுக்கும் வேறுபாடு தெரியாது. சூரிக் நகரிலுள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் பிட்தீஃப் என்ற மென்பொருளை எழுதி, ஒரு துண்டைக்கூட அனுப்பாமல் கோப்புகளை முழுதாக இறக்கிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினரின் பிட்டைரன்ட், யாருக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று அளந்து அளந்து கொடுத்து, 1 மெகாபிட் ஏற்றம் உள்ள ஒருவரின் பதிவிறக்கத்தை இடைநிலை மதிப்பில் 70 சதவீதம் உயர்த்தியது. வேகமான இணைப்பு உள்ளவர்கள் தேவைக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும், அந்த உபரியே பிட்டொரன்டின் வேகத்துக்குப் பெரும் ஆதாரம் என்பதும் அந்த ஆய்வின் முடிவு. எல்லோரும் அந்த உபரியை நிறுத்திக்கொண்டால் எல்லோருக்குமே நேரம் கூடும் என்றும் அவர்கள் காட்டினார்கள். ஆக, தந்திரம் வேலை செய்வது உண்மை. பிறர் அதைச் செய்யாதவரை. பிட்தீஃப் ஓட்டும் நூறு பேர் மட்டுமே உள்ள கூட்டத்தில், முதலில் கோப்பைப் போட்டவரின் 10 மெகாபிட்டைத் தவிர வேறெதுவும் நகராது.

செலவைப் பற்றிய மறுப்பை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. தினம் 1.5 கிகாபைட் என்று அளந்து விற்கப்படும் மொபைல் இணைப்பில், ஏறும் தரவும் அதே கணக்கில்தான் கழியும். அப்படிப்பட்டவர் வரம்பு போடுவதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிஎஸ்என்எல் பிராட்பேண்டின் ஆரம்ப ஆண்டுகளில் நள்ளிரவு தாண்டி 2 மணி முதல் காலை 8 மணி வரை அளவில்லை என்ற திட்டத்துக்காக அலாரம் வைத்து டொரன்ட் ஓட்டிய தலைமுறைக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆனால் இந்த மறுப்பு எதைக் காட்டுகிறது? அந்த வரம்பு தனிமனிதரின் மனத்தில் பிறக்கவில்லை, கட்டணத் திட்டத்தில் பிறந்தது என்பதைத்தான். மென்பொருளின் பெட்டியில் போடும் எண், மேலே யாரோ போட்ட எண்ணின் நகல்.

மேலே போட்ட அந்த எண்ணின் வரலாறு சுவையானது. ஏடிஎஸ்எல் வடிவமைப்பில் செம்புக் கம்பியின் அதிர்வெண்களில் சுமார் 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றத்துக்கும், 138 முதல் 1,104 வரை இறக்கத்துக்கும் ஒதுக்கினார்கள். எட்டுக்கு ஒன்று என்ற அளவு. தொலைபேசி நிலையத்தில் நூற்றுக்கணக்கான கம்பிகள் ஒரே கட்டாக வந்து சேரும் இடத்தில், வீடுகளிலிருந்து மெலிந்து வரும் சமிக்ஞைகள் பக்கத்துக் கம்பிகளின் சத்தத்தில் மூழ்கிவிடும் என்பது ஒரு நியாயமான காரணம். வீட்டில் இருப்பவர் பார்ப்பவர், கேட்பவர், வாங்குபவர், அனுப்புபவர் அல்லர் என்ற அனுமானம் இன்னொன்று. கேபிள் வழி இணையத்தில் இது இன்னும் மோசம். அமெரிக்க கேபிள்களில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு சிறு பட்டை மட்டுமே நெடுங்காலம் ஏற்றத்துக்கு இருந்தது. அதுவும் ஒரு பகுதியின் வீடுகள் எல்லாவற்றுக்கும் பொது. தொலைக்காட்சியை வீட்டுக்குக் கொண்டுவரப் போட்ட கம்பி, வீட்டிலிருந்து எதையும் எடுத்துச்செல்லும் எண்ணத்தில் போடப்படவில்லை.

அந்தப் பட்டை நிரம்பியபோது என்ன நடந்தது என்பதற்குக் காம்காஸ்ட் வழக்கு போதும். 2007இல் ராப் டொபோல்ஸ்கி என்ற வலைப்பின்னல் பொறியாளர், தான் சேகரித்து வைத்திருந்த பழைய பார்பர்ஷாப் குழுப் பாடல்களைப் பிறருக்குப் பகிர முயன்றபோது ஏற்றம் மட்டும் திரும்பத் திரும்ப அறுபடுவதைக் கவனித்தார். அன்று அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமாக இருந்த காம்காஸ்ட், இணைப்பை முறித்துக்கொள்ளச் சொல்லும் போலிச் செய்திகளை இரு முனைகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்த அக்டோபரில் பைபிளின் கிங் ஜேம்ஸ் பதிப்பைக் கோப்பாக வைத்துச் சோதித்து இதை உறுதி செய்தது. பைபிளைத் தேர்ந்தெடுத்தது நல்ல யோசனை. திருட்டுக் கோப்பு என்று யாரும் வாய் திறக்க முடியவில்லை. தடைபட்டது காம்காஸ்ட் வாடிக்கையாளரின் பதிவேற்றம். காத்திருந்தவரோ வேறு ஊரில், வேறு நிறுவனத்தின் இணைப்பில் அதை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர். தன் நிறுவனத்துக்கு அவர் முழுக் கட்டணமும் கட்டியிருப்பார். வேகம் ஏன் விழுந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரிந்திருக்காது. 2008 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 3க்கு 2 என்ற வாக்கில் இந்தச் செயலைக் கண்டித்தது. 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி ஆணையிட ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று அதை ரத்து செய்தது. அதற்கு முன்பே காம்காஸ்ட், நெறிமுறையைப் பார்த்துத் தடுப்பதைக் கைவிட்டு, நெரிசல் நேரத்தில் அதிகம் பயன்படுத்துபவரை மட்டும் மெதுவாக்கும் முறைக்கு மாறியிருந்தது. நெரிசல் கற்பனையில்லை என்று நிறுவனத்தின் தரப்பில் சொல்லலாம். பகிரப்பட்ட குறுகிய பட்டை அது, சிலர் இரவு பகலாக நிரப்பினால் மற்றவர்கள் தவிப்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறக்கத்துக்கு அகலமாகவும் ஏற்றத்துக்கு ஒடுக்கமாகவும் பாதை போட்டுவிட்டு, ஒடுக்கம் நிரம்புகிறது என்று வண்டிக்காரர்மேல் பழி சொல்வது சரியான வாதமாகாது.

திரைப்படத் திருட்டு என்ற கேள்வியை இங்கே தவிர்த்துவிட்டுப் போக முடியாது. டொரன்ட் கூட்டங்களில் புதுப்படங்கள் சுற்றுவது உண்மை. அதனால் உழைத்தவர்களுக்கு நஷ்டம் என்பதும் உண்மை. பதிவேற்றம் என்பது சட்டத்தின் பார்வையில் விநியோகம். ஜெர்மனியில் வழக்கறிஞர் நோட்டீஸ்கள் வந்து குவிவதும் அதை முன்வைத்துத்தான். ஆனால் பதிவேற்றத்தை ஒட்டுமொத்தமாக ஒடுக்கினால் அடிபடுவது எல்லாப் பகிர்வும். உபுண்டு, டெபியன் லினக்ஸ்கள் டொரன்ட் வழியாகவும் கிடைக்கின்றன. இன்டர்நெட் ஆர்கைவ் 2012 முதல் தன் சேகரிப்பைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டொரன்ட்களாகத் தந்துவருகிறது. டொரன்ட் என்ற சொல்லையே கேட்டிராதவரும் இதில் பங்கேற்கிறார்: விண்டோஸ் 10 முதல், ஒரு கணினி தான் இறக்கிய புதுப்பிப்புகளைப் பிற கணினிகளுக்கு அனுப்பும் வசதி மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது. அதன் அமைப்புகளில் ஒரு பதிவேற்ற வரம்புப் பெட்டியும் உண்டு. கோப்பு சட்டபூர்வமானதா என்பதை வரம்பு பார்ப்பதில்லை. ஆகையால் திருட்டுக்கு எதிரான கருவியாக அது பயன்படவும் செய்யாது.

நம் நாட்டு விதி என்ன சொல்கிறது? இந்தியாவின் 2004 பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் பதிவிறக்க வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2013இல் அந்த எண் 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட். இருபது ஆண்டுகளில் எண் எட்டு மடங்காகிவிட்டது. ஆனால் மூன்று முறையும் எழுதப்பட்டது பதிவிறக்கம் மட்டும். ஏற்றம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. சட்டப்படி, 2 மெகாபிட் இறக்கமும் பெயரளவுக்கு ஏதோ ஓர் ஏற்றமும் கொண்ட இணைப்பை பிராட்பேண்ட் என்றே விற்கலாம். அமெரிக்க ஆணையம் 2010இலேயே 4 மெகாபிட் இறக்கம், 1 மெகாபிட் ஏற்றம் என்று இரண்டையும் எழுதியது. 2015இல் 25க்கு 3 என்றும், 2024 மார்ச்சில் 100க்கு 20 என்றும் உயர்த்தியது. அந்த நாட்டின் விதிகளையெல்லாம் நாம் நகலெடுக்க வேண்டியதில்லை. இரண்டு எண்கள் எழுதுவதில் இருக்கும் நேர்மையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் இறக்கத்தானே செய்கிறார்கள், ஏற்றத்துக்கு எதற்கு விதி என்று கேட்பார்கள். ஏற்ற முடியாத இணைப்பைக் கொடுத்துவிட்டு, மக்கள் ஏற்றுவதில்லை என்று அதையே சான்றாகக் காட்டுவது வட்டமான வாதம். மேலும் அந்தக் காலமும் போய்விட்டது. கைபேசிப் படங்கள் மேகக் கணிமைக்கு ஏறுகின்றன. கடை வாசல் கேமரா நாள் முழுக்க ஏற்றுகிறது. காணொளி வகுப்பில் பிள்ளையின் முகமும் குரலும் ஏறுகின்றன. டொரன்டில் கண்ட அதே வரிசை, அதே சிக்கிய ஒப்புகை இங்கேயும் நிகழ்கிறது. பக்கத்து அறையில் படங்கள் காப்பெடுக்கும்போது இந்த அறையில் பக்கம் திறக்காது. தொழில்நுட்பம் இடம் தரவில்லை என்ற பழைய சாக்கும் இப்போது இல்லை. வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை பைபரில் இறக்கம் சுமார் 2.5 கிகாபிட், ஏற்றம் சுமார் 1.25 கிகாபிட், எட்டுக்கு ஒன்று என்ற செம்புக் கம்பியின் விகிதம் இங்கே இரண்டுக்கு ஒன்று. பல பைபர் திட்டங்களில் இரு திசையும் ஒரே வேகத்தில் விற்கப்படுகின்றன. அளப்பதும் கடினமில்லை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலி 2016 முதல் ஏற்றத்தையும் சேர்த்தே அளக்கிறது. அளக்கிற எண்ணை வரையறையில் எழுதுவதும், விளம்பரத்தில் இறக்க வேகம் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதே அளவில் ஏற்ற வேகத்தையும் அச்சிடச் சொல்வதும் மட்டும்தான் பாக்கி. முதல் திருத்தத்தில் பெரிய எண் எதுவும் வேண்டியதில்லை. 2 மெகாபிட் இறக்கத்துக்குப் பக்கத்தில் 1 மெகாபிட் ஏற்றம் என்று எழுதலாம். அமெரிக்கா 2010இல் தொடங்கியதும் அந்த 1இல்தான்.